செக்குபந்தி

வேளச்சேரி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் பாதிச் சுவர் எனக்கு.
ஒரு மேஜை, பழைய கம்ப்யூட்டர், நாற்காலி மூன்று.
மின்விசிறி ஜெராக்ஸ்காரருடையது.
அவர் பக்கமே பார்க்கும்.

ஆனி மாதத்துப் பகலில் அந்த அம்மாள் வந்தார்.
கழுத்து சிவந்து, ஜிப்பா முதுகில் ஒட்டியிருந்தது.
கட்டைப்பையில் மூலப்பத்திரம்,
முப்பது வருஷத்து வில்லங்கம், ஓ.சி.ஐ. அட்டை,
கணவரை மணந்த சான்று, கணவர் இறந்த சான்று,
அரை டஜன் எலுமிச்சம்பழம்.

பெயர் மரெய்க்கெ.
கடைசி எழுத்து குறிலா நெடிலா என்று
இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம்.
"குறிலே போதும், இடம் மிச்சம்."

'காலஞ்சென்ற இளம்பரிதி அவர்களின் மனைவி
சுமார் 61 வயதுள்ள' என்று அடித்தேன்.
சுமார் எதற்கு, சரியாக அறுபத்தொன்று என்றார்.
பத்திரத்தில் எல்லாருக்கும் சுமார்தான் அம்மா.

வாடகைக்கு அலைந்ததைச் சொன்னார்.
தனி ஆளா? கறி சமைப்பீங்களா?
எப்போ ஊருக்குத் திரும்புறீங்க?
பதினேழு வருஷமாய்
பால்காரரிலிருந்து பாங்க் மேனேஜர் வரை
அந்த மூன்றாவது கேள்வி.
நானும் வாயெடுத்திருந்தேன்.
பேனா மூடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சொத்து விபரம்:
மடிப்பாக்கம் கிராமம், ஏரிக்கரைத் தெரு,
இரண்டாவது மாடி, 780 சதுரடி.
அடிமனையில் பிரிக்கப்படாத பாகம் 391.

"பிரிக்கப்படாததில் என் பாகம் எந்த மூலை?"
எந்த மூலையும் இல்லை.
எல்லா மூலையிலும் கொஞ்சம்.
இதை மட்டும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.
தேதி போட்டார்.

செக்குபந்தி:
வடக்கே சேதுராமலிங்கம் வகையறா மனை,
தெற்கே இருபதடி ரோடு,
மேற்கே மனை எண் பதினான்கு,
கிழக்கே

எண்பத்து மூன்றின் பத்திரத்தில்: ஏரி.
தொண்ணூற்றாறில்: காலி இடம்.
இரண்டாயிரத்து ஒன்பதில்: லேக் வியூ அபார்ட்மென்ட்ஸ்.
மூன்றின் மேலும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு
"கரை இருக்கு. ஏரி எங்கே?" என்றார்.

புரோக்கர் தேவசகாயம் சிரித்தார்.
"மேடம், அது சும்மா பேருக்கு."

அம்மாள் சிரிக்கவில்லை.
அவர் பிறந்த ஊர் கடல்மட்டத்துக்கு நாலு மீட்டர் கீழேயாம்.
தண்ணீரை வெளியே நிறுத்தத் தனி வரியாம்.
அப்பா கடலடி மண்ணில் உருளைக்கிழங்கு போட்டவராம்.
நேற்றே கீழ்வீட்டுக்குப் போய்
பீரோவை நகர்த்தச் சொல்லி
வெள்ளம் நின்ற கோட்டை டேப் வைத்து அளந்திருக்கிறார்:
நூற்று நாற்பத்தொரு சென்டிமீட்டர்.
அதனால்தான் இரண்டாவது மாடி.

"தெரிஞ்சேவா வாங்குறீங்க?"
"அப்பாவும் தெரிஞ்சேதான் போட்டார்."

கிழக்கே ஏரி என்று எழுத முடியுமா என்று கேட்டார்.
முடியாது. இன்றைக்கு இருப்பதைத்தான் எழுதணும்.
அவர் முகத்தைப் பார்க்காமல் அடித்தேன்:
'கிழக்கே முன்பு ஏரியாயிருந்து தற்போது
லேக் வியூ அபார்ட்மென்ட்ஸ் என்றழைக்கப்படும் கட்டிடம்.'
சட்டத்தில் இதற்கு இடமுண்டு. வழக்கத்தில்தான் இல்லை.

உள்ளே டோக்கன் நாற்பத்தேழு.
வியர்வையில் ரேகை விழவில்லை.
மீண்டும் வைக்கவும். மீண்டும் வைக்கவும்.
ஜிப்பாவில் துடைத்து, ஊதி, ஆறாவது தடவை விழுந்தது.
போட்டோ எடுத்த பெண் கேட்டாள்:
"எப்போ மேடம் ஊருக்கு?"
அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார்.
"ஷேர் ஆட்டோ கிடைச்சதும்."

எனக்கு இரண்டு எலுமிச்சம்பழம்,
ஜெராக்ஸ்காரருக்கு இரண்டு.
அன்றைக்கு விசிறி கொஞ்சம் இந்தப் பக்கமும் திரும்பியது.

அடுத்தவர் பெரும்பாக்கம், மனை விற்பவர்.
எப்போதும்போல் முந்தைய ஃபைலையே திறந்து
பெயரை மாற்றினேன், சுமாரை விட்டுவிட்டு வயதை மாற்றினேன்.
'முன்பு ஏரியாயிருந்து' என்ற இடத்தில்
கர்சர் துடித்துக்கொண்டு நின்றது.

"சார், உங்களுக்குக் கிழக்கே என்ன இருக்கு?"

"இப்பவா?" என்றார் அவர்.